டவுனில் காரை நிறுத்த எவ்வளவு ஆகும்? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் யாராவது கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னால், உடனே சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பற்றித்தான் பேச்சு எழும். அப்புறம் சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல். பார்க்கிங் செலவைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் கார் கைக்கு வந்தபின், அடிக்கடி டவுனுக்குப் போய்வருபவரிடம் கேட்டுப் பாருங்கள். நிறுத்த இடம் தேடுவதும், நிறுத்திய பிறகு ஓடும் கட்டணமும்தான் அவரை அன்றாடம் அலைக்கழிக்கும்.

சிஓஇ விலையில் நம் கை ஒன்றும் இல்லை. பெட்ரோல் விலையிலும் இல்லை. பார்க்கிங் கட்டணத்தில் நிறையவே இருக்கிறது. எங்கே நிறுத்துகிறோம், எத்தனை மணிக்கு நுழைகிறோம், எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் 7.20 வெள்ளி கொடுப்பார், இன்னொருவர் 3.60 வெள்ளியில் முடித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எளிது. புதிதாக உரிமம் எடுத்தவர்களையும், மணிக்கணக்கில் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எதற்காகக் கட்டணம்?

ஒரு கார் நிற்பதற்கான கட்டத்தின் குறைந்தபட்ச அளவு இங்கே 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் பதினொன்றரைச் சதுர மீட்டர் வரும். கார் உள்ளே வந்து திரும்ப வழி வேண்டும், மேல்தளத்துக்கு ஏறச் சரிவு வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறத்தாழ இரு மடங்கு இடம் தேவை. அதாவது இரண்டு கார்கள் வசதியாக நிற்கும் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) சின்ன ஈரறை வீடு ஒன்று அடங்கிவிடும். தீவின் நிலத்தில் சாலைகள் ஏற்கெனவே 12 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. நாம் எல்லாரும் குடியிருக்கும் வீடுகளுக்கே 14 விழுக்காடுதான். வாகனங்களோ ஒரு மில்லியனை ஒட்டி இருக்கின்றன. இந்த நிலைமையில் ராபின்சன் சாலை ஓரத்தில் ஒரு கட்டத்தைச் சும்மா கொடுத்தால் என்ன நடக்கும்? காலை எட்டு மணிக்கு வந்து நிறுத்தியவர் மாலை ஆறு மணிவரை அசைய மாட்டார். பத்து நிமிட வேலையாக வங்கிக்கு வந்தவருக்கு இடமே கிடைக்காது.

இது புதிய சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1935ஆம் ஆண்டு உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டதே இதற்காகத்தான். கடைவீதியில் வேலை செய்பவர்களே கடை வாசலில் நாள் முழுக்கக் காரை நிறுத்திவிட, வாங்க வருபவர்களுக்கு இடமில்லாமல் போனது. மணிக்கு ஐந்து சென்ட் என்று வைத்ததும், கார்கள் வந்துபோகத் தொடங்கின. பார்க்கிங் பொருளியலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டானல்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்னதும் இதன் நீட்சிதான்: எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் ஓரிரு கட்டங்கள் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் இருக்க வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

சிங்கப்பூர் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. 1975 ஜூன் மாதம் மத்திய வட்டாரத்துக்குள் காலை நேரத்தில் காரில் நுழைய நாளுக்கு 3 வெள்ளி உரிமம் வேண்டும் என்று விதித்தபோது, வட்டாரத்துக்குள் இருந்த பார்க்கிங் கட்டணத்தையும் கூடவே உயர்த்தினார்கள். நாலு பேராகச் சேர்ந்து ஒரே காரில் வந்தால் உரிமம் தேவையில்லை. வட்டாரத்தின் விளிம்பில் நிறுத்துமிடங்கள் அமைத்து, அங்கிருந்து பேருந்தும் விட்டார்கள். அந்த விளிம்பு நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. பாதி வழி காரில் வந்து மீதி வழிக்கு வண்டி மாற யாருக்கும் மனம் வரவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டார்கள், அல்லது வீட்டிலிருந்தே பேருந்து ஏறினார்கள். 1998இல் அந்த உரிமத்துக்குப் பதிலாக இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டண முறை வந்தது. இன்றைக்கும் டவுனுக்குள் நுழைய ஒரு கட்டணம், உள்ளே நிற்க ஒரு கட்டணம் என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. புதிதாக ஓட்டுபவர்கள் பார்க்கிங்கை மட்டும் கணக்கிட்டுக் கிளம்பி, இஆர்பியை மறந்துவிடுவது சகஜம். இரண்டையும் கூட்டினால்தான் உண்மையான தொகை தெரியும்.

மூன்று வகை இடங்கள்

முதலாவது, தடுப்புக் கம்பம் இல்லாத இடங்கள். சாலையோரக் கட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். முன்பெல்லாம் இங்கே கூப்பன்தான். பெட்ரோல் நிலையத்திலோ செவன் இலெவன் கடையிலோ கூப்பன் புத்தகம் வாங்கி வைத்திருப்பார்கள். காரை நிறுத்தியதும் மாதம், தேதி, மணி, நிமிடம் என்று ஒவ்வொரு துளையையும் கிழித்து, கிழித்த காதை மடக்கி, முன்கண்ணாடிக்குள் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். மழையில், மடியில் குழந்தையோடு, இருட்டில் துளையைத் தேடிக் கிழித்த அனுபவம் அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் எல்லாருக்கும் இருக்கும். அரை மணிக்கு ஒரு கூப்பன் என்பதால் முப்பத்தோராவது நிமிடத்துக்கும் இன்னொரு முழு கூப்பன் போயே தீரும்.

2017 அக்டோபரில் பார்க்கிங்.எஸ்ஜி செயலி வந்த பிறகு இந்த அவதி பெரிதும் தீர்ந்தது. செயலியில் கார் எண்ணைப் பதிந்து, இடத்தைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு நேரம் என்று சொன்னால் போதும். நிமிடக் கணக்கில்தான் பணம். வேலை சீக்கிரம் முடிந்தால் செயலியில் நிறுத்தம் முடிந்தது என்று அழுத்தினால் மீதிப் பணம் திரும்ப வரும். நேரம் போதவில்லை என்றால் இருந்த இடத்திலிருந்தே நீட்டிக்கலாம். சாப்பாட்டுக் கடையிலிருந்து எழுந்து ஓட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், சாலையோரத்தில் நிறுத்துபவர்களுக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த ஆகப் பெரிய நிம்மதி இதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். செயலி உங்கள் இருப்பிடத்தைப் பார்த்து அருகிலுள்ள நிறுத்துமிடங்களைக் காட்டும். கட்டடங்கள் நெருக்கமாக இருக்கும் டவுனில் பக்கத்துத் தெருவின் பெயர் முதலில் வந்து நிற்கலாம். அங்கே நிற்கும் பலகையில் உள்ள பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் முந்தைய முறை ஓட்டிய காரின் எண் திரையில் அப்படியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பணம் கட்டியும் அபராதம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

இரண்டாவது வகை, தடுப்புக் கம்பம் உள்ள வீவக, நகர மறுசீரமைப்பு ஆணைய நிறுத்துமிடங்கள். இஆர்பிக்காகக் காரில் பொருத்தியிருக்கும் கருவியை நுழைவாயில் படித்துக்கொள்ளும், வெளியேறும்போது பணத்தைக் கழித்துக்கொள்ளும். இங்கே செயலி தேவையே இல்லை. இங்கேயும் நிமிடக் கணக்குதான். உள்ளே போய் இடமில்லை என்று பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டால் கட்டணம் கிடையாது. பதினோராவது நிமிடம் ஆகிவிட்டால், நுழைந்த நேரத்திலிருந்தே கணக்கு. கருவியில் செருகிய அட்டையில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வெளியேறும் இடத்தில் கம்பம் தூக்காமல் நிற்க, பின்னால் நாலு கார் காத்திருக்க, பணம் நிரப்ப வழி தேடுவது யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவது, கடைத்தொகுதிகளும் அலுவலகக் கட்டடங்களும். இவை தனியார் இடங்கள். கட்டணத்தை அவர்களே முடிவு செய்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் மாற்றுகிறார்கள். இதற்குள் தனியாகப் போக வேண்டும், சற்றுப் பொறுங்கள்.

மணியைப் பார்த்து நிறுத்துங்கள்

பொது நிறுத்துமிடங்களில் கார்களுக்கான கட்டணம் 2016 டிசம்பரிலிருந்து அரை மணிக்கு 60 காசு. நிமிடத்துக்கு இரண்டு காசு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மத்திய வட்டாரத்துக்குள் திங்கள் முதல் சனிவரை, காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணிவரை இது இரு மடங்கு: அரை மணிக்கு 1.20 வெள்ளி, நிமிடத்துக்கு நாலு காசு. ஐந்து மணி அடித்ததும் பழையபடி 60 காசுக்கு இறங்கிவிடும்.

குவீன் ஸ்திரீட்டில் உள்ள ஆல்பர்ட் சென்டரை எடுத்துக்கொள்வோம். அது மத்திய வட்டாரத்துக்குள் இருக்கிறது. புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு நிறுத்தி நாலு மணிக்கு எடுத்தால், மூன்று மணி நேரமும் உயர்ந்த கட்டணம்: 7.20 வெள்ளி. நாலு மணிக்குப் போய் ஏழு மணிக்கு எடுத்தால், முதல் ஒரு மணி நேரத்துக்கு 2.40, மீதி இரண்டு மணி நேரத்துக்கு 2.40, ஆக 4.80 வெள்ளி. ஐந்து மணிக்குப் போய் எட்டு மணிக்கு எடுத்தால் 3.60 வெள்ளி. இடம் அதே இடம், நேரத்தின் அளவும் அதே. ஐந்து மணிக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். அவசரமில்லாத வேலை என்றால், நாலரை மணிக்கு டவுனில் நிற்பதைவிட ஐந்து மணிக்கு மேல் போய்ச் சேரும்படி கிளம்புவது புத்திசாலித்தனம். இஆர்பி கட்டணமும் மணிக்கு மணி மாறும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பார்க்கிங்கில் மிச்சம் பிடித்ததை இஆர்பியில் விட்டுவிடக் கூடாது.

அடுத்த கோடு இரவு 10.30. இரவு நிறுத்தத் திட்டம் உள்ள இடங்களில் 10.30இலிருந்து காலை 7 மணிவரை எவ்வளவு நேரம் நின்றாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. சாதாரணக் கணக்கில் அந்த எட்டரை மணி நேரத்துக்கு 10.20 வெள்ளி ஆகும். பாதிக்கும் கீழே முடிகிறது. சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். டவுனுக்கு வெளியே, உதாரணமாக ஈசூனில், இரவு 9 மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை 8 மணிக்கு எடுக்கிறீர்கள். 10.30வரை 1.80, இரவுக்கு 5, காலை ஏழிலிருந்து எட்டுவரை 1.20. மொத்தம் 8 வெள்ளி. காலை 6.55க்கே கிளம்பியிருந்தால் 6.80. “இருங்க மாமா, காபி குடிச்சிட்டுப் போகலாம்” என்று சொன்னால் தாராளமாக உட்காருங்கள், ஒரு வெள்ளி இருபது காசுதான்.

பகலுக்கும் உச்சவரம்பு உண்டு. மின்னியல் முறை உள்ள வீவக நிறுத்துமிடங்கள் பலவற்றில் பகல் முழுவதும் நின்றால் 12 வெள்ளி, மத்திய வட்டாரத்துக்குள் என்றால் 20 வெள்ளி. டவுனில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை வேலை பார்ப்பவருக்கு இது சரியாக அங்கேதான் வந்து நிற்கும்: எட்டு மணி நேரம் உயர்ந்த கட்டணத்தில் 19.20, கடைசி ஒரு மணி நேரம் 1.20, கூட்டினால் 20.40, வரம்பு இருப்பதால் 20. மாதம் இருபத்திரண்டு வேலை நாள் என்றால் 440 வெள்ளி. வீட்டருகே, மத்திய வட்டாரத்துக்கு வெளியே, முதல் காருக்குக் கூரையுள்ள நிறுத்துமிடத்தில் சீசன் பார்க்கிங் எனும் மாத அனுமதி எடுத்தால் மாதத்துக்கு 110 வெள்ளி. டவுனில் ஆறு நாள் முழு நாளாக நின்றால் வீட்டு வாசலில் ஒரு மாதம் நிற்கும் செலவைத் தாண்டிவிடுகிறது. தினமும் டவுனுக்குக் காரில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தாலே போதும். கட்டாயம் இருப்பவர்கள், நாள் கட்டணத்தில் காலத்தைத் தள்ளாமல் பணியிடக் கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ மாத சீசன் கிடைக்குமா என்று முதல் வாரமே விசாரித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வந்தால், இலவச நிறுத்தத் திட்டம் உள்ள வீவக இடங்களில் காலை 7 மணியிலிருந்து இரவு 10.30வரை காசே இல்லை. எல்லா இடங்களிலும் இந்தத் திட்டம் கிடையாது. வாசல் பலகையில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பகல் வேளைக்கு 65 காசைத் தாண்டாது, அவர்கள் இந்தக் கட்டுரையில் இவ்வளவு தூரம் வந்திருக்கவே தேவையில்லை.

கடைத்தொகுதிப் பலகையைப் படிப்பது

பொது நிறுத்துமிடத்தில் நிமிடம் நிமிடமாகக் கூடும் கட்டணம், தனியார் இடங்களில் பல நேரம் துண்டு துண்டாகத் தாவும். முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, அதற்குப் பின் ஒவ்வோர் அரை மணிக்கும் அல்லது அதன் ஒரு பகுதிக்கும் இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அந்த ‘ஒரு பகுதிக்கும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு, முதல் மணி நேரம் 3 வெள்ளி, பிறகு ஒவ்வோர் அரை மணிக்கும் 1.50 என்று வையுங்கள். அறுபது நிமிடத்தில் வெளியே வந்தால் 3 வெள்ளி. அறுபத்தொரு நிமிடம் என்றால் 4.50. மின்தூக்கிக்காகக் காத்திருந்த நேரம், காரை எந்தத் தளத்தில் விட்டோம் என்று தேடிய நேரம், வெளியேறும் வரிசையில் நின்ற நேரம் எல்லாம் அந்த அறுபதுக்குள் அடக்கம். கணக்கு முடிவது காரில் ஏறும்போது இல்லை, கம்பத்தைத் தாண்டும்போதுதான். அதனால் சரியாக ஒரு மணி நேரம் என்று திட்டமிடாதீர்கள். ஐம்பது நிமிடத்தில் முடியும் வேலையா, இல்லை ஒன்றரை மணி நேரம் நிதானமாக இருக்கலாமா என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

மாலையில் இதே இடங்கள் வேறு மாதிரி ஆகிவிடும். அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு மேல் நுழைந்தால், எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரே தொகை. ஷென்டன் வே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் பகலில் எட்டிப்பார்க்கவே பயமாக இருக்கும் கட்டடம், இரவில் பக்கத்துக் கடைத்தொகுதியைவிட மலிவாக இருப்பதும் உண்டு, ஏனென்றால் அலுவலகக் கூட்டம் போனபின் அது காலியாகத்தான் கிடக்கும். எஸ்பிளனேடில் நிகழ்ச்சி, இரவு விருந்து என்று போகிறவர்கள் நடந்து போகும் தூரத்தில் இப்படி ஒரு கட்டடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குத் தொடங்கும் கட்டணத்துக்கு 5.50க்கே நுழைந்துவிட்டால் பகல் கட்டணத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நுழைவாயிலில் பலகை நின்றாலும், பின்னால் கார் வந்து நிற்கும்போது நிதானமாகப் படிக்க முடியாது. அதனால் போகும் இடத்தின் கட்டணத்தை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. பார்க்கும்போது முதலில் கிழமை, பிறகு மணி, பிறகு தொகை என்ற வரிசையில் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தால், அது ஞாயிற்றுக்கிழமைக் கட்டணமாகவோ மோட்டார்சைக்கிளுக்கானதாகவோ இருக்கும்.

தேக்காவில்

நம்மில் பெரும்பாலோருக்கு டவுன் என்றால் தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாதான். வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோவில், சனிக்கிழமை மளிகை, ஞாயிற்றுக்கிழமை வாழை இலைச் சாப்பாடு. இங்கே கட்டணத்தைவிடப் பெரிய செலவு, இடம் தேடும் நேரம். வார இறுதியில் தேக்கா நிலையத்தின் நிறுத்துமிடத்துக்குக் காத்திருக்கும் வரிசை சாலைவரை வந்துவிடும். டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் சாலை மாதிரி குறுகிய தெருக்களில் முன்னால் போகும் கார் ஒவ்வொரு கட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தால், பின்னால் இருக்கும் எல்லாரும் ஊர வேண்டியதுதான். ஒரு வட்டம், இரண்டு வட்டம் என்று சுற்றும் நேரத்தில் வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் பெட்ரோலும் சேர்ந்தே கரைகின்றன.

இதற்கு நான் சொல்லும் வழி: முதல் வட்டத்தில் கண்ணுக்கு இடம் படவில்லை என்றால் இரண்டாவது வட்டம் போகாதீர்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் போக வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு, வீராசாமி சாலை, ரோவல் சாலைப் பக்கமுள்ள வீவக புளோக்குகளை ஒட்டிய நிறுத்துமிடங்களுக்குப் போய்விடுங்கள். ஏழெட்டு நிமிட நடைதான். அதுவும் நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். பத்து நிமிடம் சுற்றிக் கண்டுபிடிக்கும் கட்டமும் பத்து நிமிடம் நடந்து வரும் கட்டமும் நேரத்தில் ஒன்றுதான், நடப்பவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறாது. எம்ஆர்டியில் வந்தாலோ லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், ரோச்சோர், ஜாலான் புசார் என்று நாலு நிலையங்கள் சுற்றி நிற்கின்றன. மூட்டை முடிச்சு இல்லாத நாட்களில் காரை வீட்டில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பண்டிகை நாட்களுக்குத் தனிக் கணக்கு. தீபாவளி பொது விடுமுறை. அன்றைக்கு இஆர்பி இயங்காது, இலவச நிறுத்தத் திட்டம் உள்ள இடங்களில் கட்டணமும் இல்லை. தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. வார நாளில் வந்தால் இஆர்பியும் பார்க்கிங்கும் வழக்கம்போல ஓடும், கூடவே சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோவில்வரை ஊர்வலப் பாதையில் தடங்கள் மூடப்பட்டிருக்கும். காவடி, பால்குடம் எடுப்பவரை விட்டுவரக் காரில் போகும் குடும்பங்கள், இறக்கிவிடும் இடத்தையும் நிறுத்தும் இடத்தையும் முதல் நாளே தனித்தனியாக முடிவு செய்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களின் மாலை நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கேம்பல் லேன் சந்தைக்குப் போகும் ஆசை இருந்தால் ரயிலில் போங்கள்.

கோடுகள்

கட்டம் கிடைக்காத எரிச்சலில் சாலை ஓரமாக “அஞ்சு நிமிஷம்தானே” என்று ஒதுக்குகிறவர்கள் கோடுகளின் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனிவரை காலை 7இலிருந்து இரவு 7வரை நிறுத்தக் கூடாது. ஆளை ஏற்றி இறக்கலாம். இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்த நாளும் எந்த நேரமும் நிறுத்தக் கூடாது. உடனே ஏற்றி இறக்க மட்டும் அனுமதி. மஞ்சள் கோடு வளைந்து வளைந்து ஒற்றையாக ஓடினாலும் அப்படித்தான். அதுவே இரட்டை வளைகோடாக இருந்தால் ஆளை இறக்கக்கூட நிற்கக் கூடாது. சாலையின் நடுவே முறியாத வெள்ளைக் கோடு ஓடினால், ஓரத்தில் மஞ்சள் கோடே இல்லாவிட்டாலும் இரு பக்கமும் நிறுத்த முடியாது. இந்தக் கடைசி விதியைப் பலர் பயிற்சி முடிந்ததோடு மறந்துவிடுகிறார்கள்.

வீவக நிறுத்துமிடங்களில் சிவப்புக் கட்டம் சீசன் வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு உரியது, வெள்ளைக் கட்டம் வருகையாளர்களுக்கும் சேர்த்து. சில இடங்களில் சிவப்புக் கட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும், பலகையில் போட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளையைத் தேடிப் போய்விடுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் ஒருவர் மாதாமாதம் பணம் கட்டி வைத்திருக்கும் இடம் அது. சக்கர நாற்காலிப் படம் போட்ட கட்டத்துக்கு அதற்கான முத்திரை காரில் இருக்க வேண்டும். நடக்க முடியாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பயணிக்கான முத்திரைக்கு, உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபலில் விண்ணப்பிக்கலாம். அதைக் கொண்டு அந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அம்மாவைத் தாங்கித் தாங்கி நெடுந்தூரம் நடத்திக் கூட்டிவரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தகுதி இருந்தால் அவசியம் கேட்டு வாங்குங்கள்.

சரி, எல்லாம் கவனித்தும் சம்மன் வந்துவிட்டது என்றால்? முதலில் அதை அனுப்பியது வீவகவா, நகர மறுசீரமைப்பு ஆணையமா, நிலப் போக்குவரத்து ஆணையமா என்று பாருங்கள். மூன்றும் வேறு வேறு, முறையீடும் அவரவரிடம்தான் போக வேண்டும். செயலியில் பணம் கட்டியிருந்தால் அந்த நிறுத்தத்தின் பதிவு அதிலேயே இருக்கும், அந்தத் திரையைப் படம் பிடித்து முறையீட்டோடு இணைக்கலாம். பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்தது, கட்டத்தின் கோடு அழிந்திருந்தது என்பது போன்ற காரணம் என்றால் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் வந்து பார்க்கும்போது கிளையை வெட்டியிருப்பார்கள். தவறு நம் பக்கம்தான் என்று தெரிந்தால் கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் இணையத்திலோ ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலோ கட்டிவிடுங்கள். தேதி தாண்டினால் விவகாரம் நீதிமன்றம்வரை போகும்.